நட்சத்திரம் கேட்டால் ஊர் கொடுக்குமா?

தொண்டு நிறுவனம் ஒன்று நிதி திரட்டத் தொடங்கினால், முதல் கூட்டத்திலேயே 'யாராவது ஒரு நடிகரைக் கூப்பிடலாமே' என்ற பேச்சு வந்துவிடும். ரத்த தான முகாமைத் தொடங்கிவைக்க ஒரு சின்னத்திரை முகம், கண் தான நடைப் பேரணிக்கு ஒரு கிரிக்கெட் வீரர், மரம் நடும் விழாவுக்கு ஓர் இசையமைப்பாளர். யுனிசெஃப் 1954இல் அமெரிக்க நகைச்சுவை நடிகர் டேனி கேயைத் தன் தூதராக அமர்த்தியது. அதன்பிறகு இந்த வழக்கம் உலகம் முழுக்க வேரூன்றிவிட்டது. புகழ்பெற்றவர் கைகாட்டினால் மக்கள் மனம் இளகும், பணம் வரும் என்பதே இதற்கு அடிப்படையான நம்பிக்கை. அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்த ஆய்வுகள் நமக்குச் சொல்வது, விழா மேடைகளில் கேட்பதிலிருந்து மிகவும் வேறுபட்டது.

டான் பிராக்கிங்டன், ஸ்பென்சர் ஹென்சன் என்ற ஆய்வாளர்கள் இருவர் பிரிட்டனில் பொதுமக்களிடம் நடத்திய கணிப்புகள் 2014இல் வெளியாயின. 12 தொண்டு நிறுவனங்களின் பெயர்களைக் காட்டியபோது, 95 சதவீதத்தினருக்கு அவற்றில் ஐந்தோ அதற்கு மேலோ தெரிந்திருந்தன. ஆக்ஸ்ஃபாம், சேவ் த சில்ட்ரன் எல்லாம் அங்கே சிறு பிள்ளைகளுக்கும் தெரிந்த பெயர்கள். ஏழு நிறுவனங்களைக் காட்டி, 'இவற்றில் ஏதாவது ஒன்றுக்காகப் பேசும் பிரபலம் ஒருவரைச் சொல்லுங்கள்' என்று கேட்டபோது 66 சதவீதத்தினரால் ஒருவரைக்கூடச் சொல்ல முடியவில்லை. அந்த நிறுவனங்களோ நட்சத்திரங்களைப் பல ஆண்டுகளாக முன்னிறுத்தி வந்தவை.

அப்படியானால் அம்மக்கள் எதை நம்பிக் கொடுக்கிறார்கள்? தங்கள் வாழ்க்கையிலோ குடும்பத்திலோ நேர்ந்த ஏதோ ஒன்றுதான் பெரும்பாலானவர்களைக் கொடுக்கவைத்திருந்தது. நோயில் போன உறவினர், பிள்ளைக்கு உதவிய ஒரு மருத்துவமனை, அலுவலகத்தில் பக்கத்தில் இருப்பவர் ஓடும் மாரத்தான். பிராக்கிங்டன் இன்னொன்றையும் கவனித்தார். பிரபலங்களின் வருகையால் உண்மையில் அசைபவர்கள் அமைச்சர்களும் பெருநிறுவனத் தலைவர்களும்தான். ஒரு நடிகை வருகிறார் என்றால் மாதக்கணக்கில் கிடைக்காத சந்திப்பு மறுநாளே கிடைக்கும். அந்த மேசையைச் சுற்றி இருப்பவர்கள், 'மக்களுக்கு இவரைப் பிடிக்கும், ஆகவே மக்கள் இந்தப் பணிக்கு ஆதரவு' என்று தங்களுக்குள் முடிவுகட்டிக்கொள்கிறார்கள். மக்களிடம் யாரும் கேட்பதில்லை.

இந்த முடிவை அப்படியே உலகப் பொதுவிதியாக எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கம் உண்டு. பிரபலம் கேட்டு மக்கள் அசைந்த சான்றுகளும் உறுதியாகவே இருக்கின்றன.

அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் கேட்டி கூரிக்கின் கணவர் 1998இல் பெருங்குடல் புற்றுநோயால் இறந்தார். 2000 மார்ச்சில் கூரிக் தானே பெருங்குடல் பரிசோதனை செய்துகொண்டு, அதை நிகழ்ச்சியில் காட்டினார். பிற்பாடு மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் வந்த ஆய்வின்படி, அதற்கு முன் ஒரு மருத்துவர் மாதத்துக்குச் சராசரியாக 15 பேருக்குச் செய்துவந்த அந்தப் பரிசோதனை, பின்னர் 18.1 ஆக உயர்ந்தது. பல மாதங்கள் அந்த உயர்வு நீடித்தது. ஆஞ்சலினா ஜோலி 2013 மே மாதம் மார்பகப் புற்றுநோய் அபாயத்துக்கான மரபணுச் சோதனை, அதன்பின் தான் செய்துகொண்ட அறுவைச் சிகிச்சை பற்றி நியூயார்க் டைம்ஸில் எழுதினார். அடுத்த 15 வேலை நாள்களில் அமெரிக்காவில் அந்தச் சோதனை 64 சதவீதம் கூடியது. ஆனால் சோதனை செய்துகொண்டவர்களில் அறுவைச் சிகிச்சைக்குப் போனவர்களின் விகிதம் குறைந்துவிட்டது. அபாயம் குறைவாக இருந்த பெண்களே அதிகம் ஓடி வந்தார்கள் என்பதே இதற்கு ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம். குரல் கேட்டு எழுந்தவர்கள் பலர். அந்தக் குரல் யாருக்குப் போய்ச் சேரவேண்டுமோ அவர்கள் எழுந்தார்களா என்பது தனிக் கேள்வி.

இந்த இருவரும் தங்கள் உடம்பையே முன்வைத்தவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். 'நீங்கள் செய்யுங்கள்' என்று மட்டும் அவர்கள் சொல்லவில்லை, 'நான் செய்துகொண்டேன்' என்றார்கள். இந்தோனேசியாவில் நடந்த சோதனையும் இதையொட்டியே பேசுகிறது. தடுப்பூசி பற்றிய செய்திகளை அங்கே 46 பிரபலங்களும் அமைப்புகளும் ட்விட்டரில் வெளியிட ஒப்புக்கொண்டார்கள். அதே மாதிரியான செய்தியைச் சாதாரண மனிதர் எழுதுவதைவிடப் பிரபலம் எழுதினால், அது பகிரப்படும் அல்லது விரும்பப்படும் வாய்ப்பு 72 சதவீதம் அதிகம். ஆனால் அந்தச் செய்தியில் மருத்துவ ஆதாரத்தை மேற்கோள் காட்டியபோது பகிர்வு 27 சதவீதம் குறைந்தது. தன் வாயால் தன் சொல்லாகப் பேசும்போது இருக்கும் வலு, யாரோ எழுதிக்கொடுத்ததைப் படிக்கும்போது இல்லை. நம்மூர் விளம்பரத் தட்டிகளில் முக்கால்வாசி எழுதிக்கொடுத்ததைப் படிப்பவைதான்.

இதற்கு நேர் எதிர்ப்புறத்தில் நிற்கிறது அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் ஹரியாணாவில் செய்த வேலை. 521 கிராமங்கள். மாதாந்திரத் தடுப்பூசி முகாம் பற்றிய தகவலைச் சில கிராமங்களில் யாரோ சிலரிடம் சொன்னார்கள். வேறு சில கிராமங்களில், 'இந்த ஊரில் ஒரு விஷயத்தைச் சொன்னால் நாலு பேருக்குப் போய்ச் சேரவைப்பவர் யார்?' என்று ஊர்க்காரர்களிடமே கேட்டு, அவர்கள் கைகாட்டிய ஆள்களிடம் சொன்னார்கள். பின்னதில் மாதந்தோறும் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் 22 சதவீதம் அதிகம். பெட்டிக்கடை வைத்திருப்பவர், குழாயடியில் எல்லோரிடமும் பேசுபவர் என்று ஊருக்குள்ளேயே பெயர்பெற்ற மனிதர்களின் சக்தி இது. திரையில் வரும் முகத்துக்கு இல்லாத ஒன்று இவர்களிடம் இருக்கிறது. மறுநாள் 'போனியா?' என்று அவர்களால் கேட்க முடியும்.

தமிழ்நாட்டில் இந்த இரண்டும் வெகுகாலமாகக் கலந்தே இருந்துவருகின்றன. பிரிட்டன் ஆய்வு நமக்கு முழுதாகப் பொருந்தாமல் போவதும் அதனால்தான். 1980களில் மதுரையில் தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானுடவியலாளர் சாரா டிக்கி, ரசிகர் மன்றத்து இளைஞர்கள் தங்களைப் பற்றிச் சொல்லும்போது 'சமூக சேவை' என்பதற்கு எவ்வளவு இடம் கொடுக்கிறார்கள் என்று பதிவு செய்திருக்கிறார். தலைவர் ஏழைகளுக்குக் கொடுக்கிறார். அவர் பெயரால் நாமும் கொடுக்கிறோம் என்பதில் அவர்களுக்கு ஒரு மதிப்பு கிடைக்கிறது. நோட்டுப் புத்தகம், கோடையில் நீர்மோர்ப் பந்தல், பிறந்தநாளில் ரத்த தானம், அன்னதானம். நடிகர் சென்னையில் இருக்கிறார், தெருவில் வந்து கதவைத் தட்டுவது மன்றத்துச் செயலாளர். அவர் அந்தத் தெருக்காரர். ஹரியாணாவில் ஊர்க்காரர்கள் கைகாட்டிய ஆளும், நட்சத்திரத்தின் பெயரும் இங்கே ஒரே இடத்தில் சந்திக்கின்றன. லண்டன் நடிகருக்கு அப்படி ஒரு கிளை அமைப்பு கிடையாது.

அந்தச் சக்தி எங்கே வீணாகிறது என்பதையும் சொல்லவேண்டும். பிறந்தநாள் ரத்த தானத்தையே எடுத்துக்கொள்வோம். எடுத்த ரத்தத்திலிருந்து பிரிக்கும் சிவப்பணுக்களை 35 முதல் 42 நாள்வரை வைத்திருக்கலாம். தட்டணுக்களுக்கு ஆயுள் 5 நாள்தான். ஒருமுறை கொடுத்த ஆண் மறுபடி கொடுக்க மூன்று மாதம் ஆகவேண்டும். ஆகவே ஒரே நாளில் ஊரே திரண்டு கொடுத்துவிட்டால் அந்த வாரம் ரத்த வங்கி நிரம்பும். அடுத்த மாதம் டெங்கு காலத்தில் தட்டணு தேடி ஒரு குடும்பம் அலையும்போது, கொடுக்கக்கூடிய இளைஞர்கள் எல்லோரும் ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்களாக இருப்பார்கள். மன்றங்கள் தங்கள் உறுப்பினர்களை மாதவாரியாகப் பிரித்து, ரத்த வங்கி கூப்பிடும் நாளில் அனுப்பினால் அதே ரத்தம் பல மடங்கு உயிர் காக்கும். அதற்குப் பிறந்தநாள் போஸ்டரில் இடமில்லை என்பதே சிக்கல்.

கொடை வந்தபின் அதற்கு ஒரு வழி வேண்டும் என்பதற்கு 1971இன் நியூயார்க் இசை நிகழ்ச்சியைவிட நல்ல பாடம் கிடையாது. புயலிலும் போரிலும் சிதறிய கிழக்கு வங்க மக்களுக்காக சிதார் கலைஞர் ரவிசங்கர் தன் நண்பரான பாடகர் ஜார்ஜ் ஹாரிசனிடம் உதவி கேட்டார். ஆகஸ்ட் 1ஆம் தேதி மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஒரே நாளில் இரண்டு காட்சிகள், சுமார் 40,000 பேர். நுழைவுச்சீட்டு விற்பனையில் வந்த ஏறக்குறைய 2,43,000 டாலர் யுனிசெஃபுக்குப் போனது. இசைத்தட்டும் திரைப்படமும் அதைவிடப் பல மடங்கு ஈட்டின. ஆனால் நிகழ்ச்சியை அவசரமாக நடத்தியவர்கள் முன்கூட்டியே வரிவிலக்குக்கு விண்ணப்பித்திருக்கவில்லை. அந்தப் பணத்தின் பெரும்பகுதி அமெரிக்க வரித்துறை வழக்கில் ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. அகதி முகாமில் பாலும் மருந்தும் தேவைப்பட்ட பிள்ளைகள் அதற்குள் வளர்ந்திருப்பார்கள், அல்லது இறந்திருப்பார்கள். ஹாரிசனின் நல்லெண்ணத்தில் துளியும் குறை இல்லை. கூட்டம் கூட்டுவதும் பணத்தைக் கொண்டுசேர்ப்பதும் வெவ்வேறு தொழில்கள். முதலாவதற்கு மட்டுமே அன்று ஆள் இருந்தார்கள்.

நடிகர் சூர்யாவின் அகரம் அறக்கட்டளை இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. 2006இல் தொடங்கிய அமைப்பு, 2008இல் 'ஹீரோவா? ஜீரோவா?' என்ற குறும்படத்தைக் கொண்டுவந்தது. விஜய், மாதவன், ஜோதிகா எல்லோரும் அதில் முகம் காட்டினார்கள். அந்தக் கவனம் அப்படியே காற்றில் கரைந்துபோயிருக்கலாம். 2010இல் 'விதை' திட்டம் வந்தது. விண்ணப்பித்த மாணவரின் வீட்டுக்கே தன்னார்வலர்கள் போய், நிலைமையைப் பார்த்து, கல்லூரியில் இடம் வாங்கிக்கொடுப்பதுவரை கூடவே நிற்கும் ஏற்பாடு அது. படித்து முடித்தவர்கள் திரும்பி வந்து தன்னார்வலர்களாகிறார்கள். கூரை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, அப்பாவுக்கு என்ன வேலை, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டு எழுதும் அந்த இளைஞரை யாரும் படமெடுப்பதில்லை. அமைப்பு நிற்பது அவர் தோளில்.

உடலுறுப்பு தானம், கண் தானம் இரண்டிலும் கதை இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. கன்னட நடிகர் ராஜ்குமார் 2006இல் காலமானபோது அவர் கண்கள் தானமாயின. மகன் புனித் ராஜ்குமார் 2021 அக்டோபர் 29 அன்று, 46 வயதில் திடீரென இறந்தார். குடும்பம் அந்தத் துயரத்திலும் கண் வங்கியை அழைத்தது. பெங்களூரு மருத்துவர்கள் கருவிழிகளை முன்படலம், பின்படலம் எனப் பிரித்து, வழக்கமாக இருவருக்குக் கிடைப்பதை நால்வருக்குப் பொருத்தினார்கள். அதன்பின் கர்நாடகம் முழுக்க மக்கள் கண் தான உறுதிமொழிப் படிவம் கேட்டுக் குவிந்தார்கள். இங்கே நட்சத்திரம் வேண்டுகோள் எதுவும் விடவில்லை. அவர் வீட்டார் செய்தே காட்டிவிட்டார்கள்.

ஆனால் படிவம் நிரப்புவது தானம் ஆகாது. இறந்தபின் சுமார் ஆறு மணி நேரத்துக்குள் கருவிழியை எடுத்தாக வேண்டும். இமைகளை மூடி, ஈரப் பஞ்சை வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலையைச் சற்றே உயர்த்திவைத்து, யாராவது ஒருவர் தொலைபேசியை எடுத்துக் கண் வங்கியை அழைக்க வேண்டும். அழுதுகொண்டிருக்கும் வீட்டில் அந்த ஒருவர் யார்? உறுதிமொழி கொடுத்தவர் இறந்துவிட்டார். படிவம் பீரோவில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு நினைவு வருவது மயானத்திலிருந்து திரும்பிய பிறகு. கண் வங்கிகள் இதை நன்றாக அறிந்திருக்கின்றன. அதனால்தான் பெரிய மருத்துவமனைகளில் ஆலோசகர்களை வைத்து, மரணம் நேர்ந்த அந்த நேரத்திலேயே உறவினர்களிடம் மெதுவாகப் பேசவைக்கிறார்கள். அந்த உரையாடல் எளிதாக அமைய, 'புனித் கொடுத்தாரே' என்ற ஒரு நினைவு குடும்பத்தின் மனத்தில் இருந்தால் போதும். நட்சத்திரத்தின் பங்கு அங்கே வருகிறது. கேட்பவர் இல்லையென்றால் அந்த நினைவும் பயன்படாது.

தமிழ்நாட்டில் உடலுறுப்பு தானத்துக்கு உந்துதல் எந்த நடிகரிடமிருந்தும் வரவில்லை. 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியின் 15 வயது மகன் ஹிதேந்திரன் சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்தான். பெற்றோர் உறுப்புகளைத் தர முன்வந்தார்கள். தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்குப் போக்குவரத்தைக் காவல்துறை ஒதுக்கிக்கொடுக்க, இதயம் 11 நிமிடத்தில் போய்ச் சேர்ந்து ஒரு சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. அதே ஆண்டு தமிழக அரசு மூளைச்சாவு அறிவிப்பு, உறுப்புப் பகிர்வு பற்றி வரிசையாக ஆணைகள் வெளியிட்டிருந்தது. அதனால் அந்தச் செய்தியைப் படித்து மனம் நெகிழ்ந்த அடுத்த குடும்பத்துக்கு, எங்கே போவது, யாரிடம் சொல்வது என்ற தடுமாற்றம் இல்லை. தமிழ்நாடு இத்துறையில் நாட்டின் முன்வரிசைக்கு வந்தது. இந்த நிகழ்வையொட்டி 'டிராஃபிக்', 'சென்னையில் ஒரு நாள்' ஆகிய படங்கள் பிறகு வந்தன. அந்த முறை சினிமா ஒரு சாதாரண வீட்டின் பின்னால் நடந்தது. நம் வீட்டைப் போன்ற வீட்டார் ஒருவர் கொடுத்துவிட்டால், 'அவர் பெரிய மனுஷர், அவருக்கு முடியும்' என்று ஒதுங்க நமக்கு வழியில்லாமல் போகிறது.

நடிகர் விவேக்கின் கதை வேறு. 2021 ஏப்ரல் 15 அன்று அவர் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்குப் போய்க் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். தனியார் மருத்துவமனையில் போட்டுக்கொள்ள அவருக்கு எந்தத் தடையும் இல்லை. பொதுமக்களின் அச்சம் நீங்கவேண்டும், அவர்கள் வரும் இடத்திலேயே தானும் போட்டுக்கொள்ளவேண்டும் என்று விரும்பி அரசு மருத்துவமனைக்கு வந்ததைச் செய்தியாளர்களிடம் சொன்னார். மறுநாள் அவருக்கு மாரடைப்பு. 17ஆம் தேதி அதிகாலை காலமானார். இதய ரத்தக்குழாயில் முழு அடைப்பு இருந்தது, தடுப்பூசிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்களும் சுகாதாரத் துறைச் செயலரும் மாரடைப்பு வந்த அன்றே விளக்கினார்கள். வாட்ஸ்அப் அதற்கு முன்பே வேலையை முடித்திருந்தது. சந்தேகம் கிளப்பிப் பேசிய இன்னொரு நடிகர் முன்ஜாமீன் கேட்டுப் போனபோது, தடுப்பூசி வாங்க 2 லட்சம் ரூபாய் செலுத்தச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்ற மத்தியக் குழுவின் அறிக்கை வர அக்டோபர் ஆகிவிட்டது.

தங்கள் உடம்பையே சான்றாக வைத்தார்கள் என்பதில்தான் கூரிக்கின் வலுவும் ஜோலியின் வலுவும் இருந்தன. விவேக் வைத்ததும் அதே சான்றுதான். சான்றாக நின்ற உடல் சாய்ந்தபோது, அதே வேகத்தில் எதிர்ச்செய்தி பரவியது. அந்த ஏப்ரலில் பல லட்சம் பேர் ஊசி போட்டுக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போனார்கள். அவர்கள் யாரும் செய்தி ஆகவில்லை. ஊரறிந்த ஒரே ஒரு மனிதரின் மரணம், அவர்கள் அத்தனை பேரின் நலத்தையும் மறைத்துவிட்டது. தன் நல்ல எண்ணத்துக்கு இப்படி ஒரு விளைவு வந்தது அந்த மனிதருக்கு நேர்ந்த பெரிய அநீதி என்றே நினைக்கிறேன்.

அந்த அச்சத்தைப் போக்கியது இன்னொரு நட்சத்திரம் இல்லை. இரண்டாம் அலையின் சாவுகள் ஒரு காரணம். வீடு வீடாக வந்த கிராம சுகாதாரச் செவிலியர்களும், போட்டுக்கொண்டு நலமாக இருந்த பக்கத்து வீட்டாரும் இன்னொரு காரணம். 2021 செப்டம்பர் 12 அன்று தமிழ்நாடு முழுக்க 40,000 இடங்களில் முகாம் போட்டபோது ஒரே நாளில் 28 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் போட்டுக்கொண்டார்கள். பள்ளிக்கூடம், பேருந்து நிலையம், அங்கன்வாடி என்று ஊசி மக்களிடம் வந்தது. போலியோ காலத்திலும் இப்படித்தான். அமிதாப் பச்சன் தொலைக்காட்சியில் கண்டித்துப் பேசியதை நாடே நினைவில் வைத்திருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் கதவைச் சாத்திய வீடுகளைத் திரும்பத் திரும்பத் தட்டித் திறக்கவைத்தவர்கள், யுனிசெஃப் அமர்த்திய உள்ளூர்ப் பெண்களும், பள்ளிவாசலில் அறிவித்த இமாம்களும். இந்தியாவில் இயற்கை வகைப் போலியோ வைரஸ் தாக்கிய கடைசி நோயாளி 2011 ஜனவரியில் பதிவானார். அந்த வெற்றியில் எந்தப் பங்கு யாருக்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றாலும், அமிதாப் இல்லாமல் அந்தப் பெண்கள் அதைச் செய்திருப்பார்கள், தாமதமாக. அந்தப் பெண்கள் இல்லாமல் அமிதாபால் செய்திருக்க முடியாது.

விவேக்கின் மரங்கள் மிச்சமிருக்கின்றன. அப்துல் கலாமின் தூண்டுதலால் தொடங்கிய 'கிரீன் கலாம்' திட்டத்தில் ஒரு கோடி மரக்கன்று என்பது அவர் வைத்த இலக்கு. இறக்கும்போது 33 லட்சத்தைத் தாண்டியிருந்தார். பெரும்பாலும் பள்ளி, கல்லூரி வளாகங்களில், மாணவர்கள் கையால். இவ்வளவு நீண்டகாலம் ஒரே பணியில் நின்ற நடிகர் தமிழ்நாட்டில் மிகக் குறைவு. அவர் மறைந்த அன்று ஊர் ஊராக மக்கள் கன்று நட்டு அஞ்சலி செலுத்தினார்கள் என்பது, கேட்டவர் நீண்டகாலம் கேட்டுக்கொண்டே இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சான்று. ஆனால் நட்ட கணக்குதான் எல்லோரிடமும் இருக்கிறது. நின்ற கணக்கு இல்லை. கன்றுக்கு முதல் இரண்டு கோடைகளில் தண்ணீர் ஊற்றியவர் யார், ஆடு மாடு கடிக்காமல் வேலி வைத்தவர் யார் என்பது எந்தச் செய்தியிலும் வராது. பிரபலம் ஒருவரின் சொல்லுக்கு எவ்வளவு பலன் உண்டு என்று தமிழ்நாட்டில் நேரில் எண்ணிப் பார்க்கக் கிடைக்கும் வாய்ப்பு இது. கல்லூரிகளில் நாட்டு நலப்பணித் திட்ட அணிகள் இருக்கின்றன. எந்த ஆண்டு எங்கே நட்டோம் என்பது விழாக் குறிப்பேடுகளில் இருக்கும். அவர் வந்து நட்டுவைத்த வளாகங்களிலும், அவர் வராமல் அவர் பெயரால் நட்ட வளாகங்களிலும், எந்தப் பெயரும் இல்லாமல் நட்ட வளாகங்களிலும் இன்று உயிரோடு இருக்கும் மரங்களை மாணவர்கள் ஒரு பருவத்துக்குள் எண்ணி முடித்துவிடலாம்.